ஒழுகும் கூரையும் உரிமைக் கணக்கும்

ஓட்டைக் கூரையை அடைப்பதில் என்ன தத்துவம் இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். ஆணியும் தகரமும் தாரும் கடைக்காரருடைய சிட்டையில் சேர வேண்டியவை. அறத்தைப் பற்றிய விசாரணையில் அவற்றுக்கு என்ன வேலை? நாம் அப்படி நினைக்கவில்லை. ஒரு மனிதன் எதைத் தன் சொந்தமென்று சொல்லலாம்? உழைப்பு எந்த இடத்தில் உரிமையாக மாறுகிறது? பிறன் செய்ய வேண்டிய கடமையை நாம் செய்து முடித்தால் அது நமது பெருந்தன்மையா, அவனுடைய அநீதிக்கு நாம் கொடுக்கும் மானியமா? இக்கேள்விகளெல்லாம், அட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையின் இருமருங்கிலும் தெரியும் லயன் கூரைகளின்மேல், காற்றுக்குப் பாரமாக வைத்த கற்களைப்போல உட்கார்ந்திருக்கின்றன.

பட்டணத்தில் பழைய வீடொன்றை உடையவர் விடுமுறை நாளில் சுத்தியலைக் கையிலெடுக்கிறார். தாமே கதவைச் சீவுகிறார், சுவருக்கு வர்ணம் பூசுகிறார், பின்புறத்தில் ஓர் அறையைக் கூட்டிக் கட்டுகிறார். அக்கம்பக்கத்தார் மெச்சுகிறார்கள். அவர் அடித்த ஒவ்வோர் ஆணியும் வீட்டின் விலையில் ஏறுகிறது. வங்கி அதை ஈடாக ஏற்கிறது. பிள்ளைகளுக்கு அது முதுசமாகிறது. அவர் சிந்திய வேர்வை அவருடைய காணி உறுதியிலேயே போய்ச் சேருகிறது. எனவே அவருடைய வேலையில் அறச்சிக்கல் ஏதுமில்லை. பொழுதுபோக்கு என்றும் சொல்லலாம், சிக்கனம் என்றும் சொல்லலாம்.

மலையகத்துத் தோட்டத் தொழிலாளியும் இதே வேலையைத்தான் செய்கிறார். அதே சுத்தியல், அதே ஆணி. ஆனால் அவர் அடிக்கும் ஆணி யாருடைய கூரையில் இறங்குகிறது?

லயன் எப்படி வந்ததென்பதைச் சற்றே பார்த்துக்கொள்வது நல்லது. கோப்பிக் காலத்தில் மண்ணும் கம்பும் புல்லுமாக எழுந்த குடிசை வரிசைகள் அவை. 1869க்குப் பிறகு இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்த்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் நட்ட தேயிலை மலைகளைப் பிடித்துக்கொண்டது. தேயிலை ஆண்டு முழுவதும் ஆள் கேட்கும் பயிர். பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பிய கூலிப்படை குடும்பமாகத் தங்க வேண்டியதாயிற்று. வரிசைகள் கருங்கல்லும் மண்சாந்தும் தகரக் கூரையுமாக நிலைபெற்றன. ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரே முகட்டின்கீழ் பத்து அல்லது பன்னிரண்டு காம்பராக்கள். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயன் என்றால் இருபது, இருபத்துநான்கு. முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. இரட்டை லயனில் பின்கதவு கிடையாது. பின்சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம் இருமிக்கொண்டிருக்கும். ஆட்களை எண்ணிக் கட்டியார்களே தவிர, கலியாணமும் பிள்ளைப்பேறும் முதுமையும் அந்தச் சுவர்களுக்குள் நடக்கும் என்பதை எண்ணிக் கட்டவில்லை.

அந்தச் சுவர்களுக்குள் அவை எல்லாம் நடந்தன. நடக்க வேண்டுமானால் வீட்டை மாற்ற வேண்டும். யார் மாற்றினார்கள்?

மழையிலிருந்து தொடங்குவோம். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்தால் மேற்குச் சரிவுகளில் மாதக்கணக்கில் வெயில் காண்பதரிது. அட்டனுக்குக் கீழேயுள்ள வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ தை, மாசி இரவுகளில் புல் நுனியில் பனி உறைகிறது. இத்தகைய நாட்டில் மெல்லிய தகரம் ஒன்றே மனிதனுக்கும் வானத்துக்கும் இடையிலுள்ள மறைப்பு. தகரம் முதலில் துருப்பிடிப்பது ஆணித் துவாரத்தில். மேலே மழை, கீழே அடுப்புப் புகையும் குளிரில் கோத்து நிற்கும் நீர்த்துளியும். மிலாற்றை எரிக்கும் அடுப்புக்குப் புகைபோக்கி இல்லாத காம்பராவில், தகரத்தின் அடிப்புறம் கரியேறிக் கறுத்து, சில ஆண்டுகளில் ஊசித்துளைகள் விழுகின்றன. பகலில் நிமிர்ந்து பார்த்தால் கூரையில் நட்சத்திரங்கள்.

இதைப் பழுதுபார்ப்பதற்கு ஓர் அறிவு இருக்கிறது. எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியும் இதற்குச் சான்றிதழ் கொடுத்ததாக நாமறியோம். நெளிதகரத்தில் ஆணியை மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் ஓடும் தண்ணீரெல்லாம் துவாரத்தைத் தேடிக்கொண்டு வரும். ஒரு தகரத்தின் ஓரம் மற்றதன்மேல் ஒன்றரை நெளிவேனும் ஏறியிருக்க வேண்டும். காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறத்திலிருந்து தகரம் போட்டுக்கொண்டு வர வேண்டும். இல்லையேல் ஆடிக்காற்று பொருத்துவாயில் விரலை விட்டு முழுக்கூரையையும் புரட்டிவிடும். சிறு துளைக்குத் தாரில் தோய்த்த சீலைத்துண்டு. பெரிய துளைக்குப் பழைய தகர டின்னை வெட்டி விரித்த ஒட்டு. ஓட்டை எங்கே இருக்கிறதென்பதைக் கண்டுபிடிப்பதே ஒரு கலை. ஏனெனில் தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறொன்று. சலாகை வழியே நாலடி ஓடி வந்துதான் அது பாயின்மேல் விழும்.

சுவரிலும் இப்படியே. மண்சாந்தில் எழுப்பிய பழைய கருங்கற்சுவருக்குச் சிமெந்து பூசினால் பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் சுவர் உறிஞ்சிய ஈரம் வெளியே போக வழியின்றி உள்ளேயே தங்கும். இரண்டு மழைக்குள் சிமெந்துப் பாளம் பாளமாகக் கழன்று விழும். மண்ணும் சுண்ணாம்பும் கேட்கும் சுவர் அது. இதை அறிந்த பெண்கள் தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னர் மண் குழைத்துப் பூசி, வெள்ளையடித்து, தரையைச் சாணமிட்டு மெழுகுகிறார்கள். நாள் முழுதும் கொழுந்தெடுத்து, கூடையை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த கைகள் அவை. கூரைமேல் ஏறுகிறவன் ஆணாகையால் பழுதுபார்ப்பு ஆணின் வேலை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கூரையில் ஆண்டுக்கு இரண்டு நாள் வேலை. தரையிலும் சுவரிலும் வாரந்தோறும் வேலை. மண் சுமந்ததும் பீலியில் தண்ணீர் பிடித்து வந்ததும் யார் என்று கேட்டால் கணக்கு வேறு விதமாக முடியும். முற்போக்கு பேசும் நம் வீடுகளிலும் இக்கணக்கு இன்னும் சரியாகப் பார்க்கப்படவில்லை என்பதை இடையே சொல்லி வைப்போம்.

இனி மாற்றியமைத்தல். மகனுக்குக் கலியாணம் நிச்சயமாகிறது. புதிய காம்பரா கிடையாது. இஸ்தோப்பைப் பலகையாலும் தகரத்தாலும் அடைத்தால் ஓர் அறை. அதுவும் போதாவிடில் பின்புறமோ பக்கத்திலோ ஒரு பத்தியை இறக்கிக் குசினியை அங்கே கொண்டுபோய், உள்ளே இருந்த அடுப்படியைப் படுக்கும் இடமாக்குகிறார்கள். தொங்கல் காம்பராக்காரருக்கு ஒரு பக்கச் சுவர் திறந்திருப்பதால் அவர் கொடுத்து வைத்தவர். நடுக்காம்பராக்காரருக்கு முன்னே நீள்வதைத் தவிர வழியில்லை. எங்கேனும் ஒரு சுவரில் ஜன்னல் திறக்க முடிந்தால் அது அந்தக் குடும்பத்தின் சரித்திரத்தில் ஒரு சகாப்தம். வாசல் கதவைச் சாத்தினால் பகலும் இரவாகிவிடும் அறையில், பிள்ளை புத்தகம் படிக்க வெளிச்சம் வருகிறது. மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போன தாயோ, கொழும்பில் கடையில் நிற்கும் மகனோ அனுப்பிய பணம் இந்த ஜன்னலாகவும் அந்தச் சிமெந்துத் தரையாகவும் உருமாறுகிறது.

இவ்வளவும் செய்தபின் அந்தக் காம்பராவில் கொம்பனி கட்டியது எது? கூரைத் தகரம் தொழிலாளி வாங்கியது. கதவு அவர் செய்தது. தரை அவர் மனைவி போட்டது. முன்னறை, குசினி, ஜன்னல் எல்லாம் அவர்கள் சேர்த்தவை. பழைய நான்கு கற்சுவர்தான் மிச்சம். அதன் பூச்சும் அவர்களுடையது.

கிரேக்கர்கள் இதையொத்த புதிர் ஒன்றை வைத்திருந்தார்கள். வீரன் தெசியஸ் ஏறிவந்த கப்பலை ஏதென்ஸ் மக்கள் பாதுகாத்து, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி வந்தார்களாம். எல்லாப் பலகைகளும் மாறிய பின்னர் அது பழைய கப்பல்தானா, புதியதா என்று தத்துவவாதிகள் தர்க்கித்தார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். இருபது நூற்றாண்டுகளாக வகுப்பறைகளில் இப்புதிர் சொல்லப்பட்டு வருகிறது. பலகையை மாற்றிய தச்சன் யார், அவனுக்கு அந்தக் கப்பலில் என்ன பங்கு என்பது அப்புதிரில் ஒரு கேள்வியாகவே இடம்பெறவில்லை. லயனில் அதுதான் முதற் கேள்வி.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? காம்பரா வேலையோடு ஒட்டியது. செக்ரோலில் பெயர் இருக்கும் வரை குடியிருப்பு. 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம், வேலை முடிந்தவரிடமிருந்து குடியிருப்பை நீதிமன்ற வழியாக மீட்டெடுக்கும் அதிகாரத்தை வேலை கொடுப்பவருக்கு வழங்கியது. முப்பது ஆண்டுகள் தகரம் மாற்றியவர் என்பதற்காக அங்கே எந்தச் சலுகையும் இல்லை. நிர்வாகத்தின் அனுமதியின்றி எழுப்பிய சுவரென்றால் அது உழைப்பென்றுகூடக் கருதப்படாது, அத்துமீறலாகிவிடும்.

அத்துமீறல் என்ற சொல்லுக்கு மலையகத்தில் ஒரு வரலாறு உண்டு. 1946இல் கேகாலைப் பகுதியில் நேவ்ஸ்மியர் தோட்டம் கிராம விஸ்தரிப்புக்காக எடுக்கப்பட்டபோது, அங்கே குடியிருந்த தொழிலாளர்கள் வெளியேற மறுத்தார்கள். வழக்குகள் வந்தன, மலைநாடெங்கும் வேலைநிறுத்தம் பரவியது. காணி சுவீகரிக்கப்பட்ட தோட்டத்தில் தொடர்ந்து குடியிருந்த தொழிலாளி ஒருவருடைய வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில்வரை சென்றது. 1950இல் அங்கே வகுத்துரைக்கப்பட்ட நியாயம் நம் கவனத்துக்குரியது: தனக்கு உரிமையுண்டென்று மெய்யாக நம்பி ஒருவன் ஓரிடத்தில் இருந்தால், அதனால் பிறருக்கு எரிச்சல் உண்டாகும் என்று தெரிந்திருந்தாலும், எரிச்சலூட்டுவதே அவனுடைய பிரதான நோக்கமென்று காட்டப்படாதவரை அது குற்றமாகாது. சட்டத்தின் வறண்ட மொழியில் சொல்லப்பட்டதென்றாலும் இதில் ஒரு பெரிய உண்மை ஒளிந்திருக்கிறது. வீட்டில் இருப்பவன் யாரையும் எதிர்த்து அங்கே இருப்பதில்லை. அவன் இருக்கிறான், அவ்வளவுதான். ஏகாதிபத்தியத்தின் நீதிமன்றம் கண்ட இந்தச் சிறு வெளிச்சத்தை, சுதந்திர நாட்டின் சட்டமன்றம் இருபத்தோராண்டுகளுக்குப் பிறகு வேறு வாசலால் அணைத்துவிட்டது.

சட்டம் கிடக்கட்டும், அறம் என்ன சொல்கிறது? தனியுடைமைக்குத் தத்துவம் வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஜோன் லொக். பொதுவில் கிடக்கும் இயற்கையோடு ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகிறது என்பது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதிய ஆட்சி பற்றிய நூலின் வாதம். பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் இதைப் பரீட்சைக்காக மனனம் செய்திருப்பார்கள். ஆனால் அதே அத்தியாயத்தில், அதே மூச்சில், தம் வேலைக்காரன் வெட்டிய புற்கரணை தமக்கே சொந்தம் என்றும் லொக் சொல்கிறார். தம் குதிரை மேய்ந்த புல்லோடு அதைச் சேர்த்து வைக்கிறார். உழைப்பு உரிமை தரும், எசமானுக்கு மட்டும். தோட்டத்துரைமாரின் முழுத் தத்துவமும் இந்த ஒரு வரிக்குள் அடக்கம்.

சரி, லொக்கின் கணக்கிலேயே நின்று வாதாடுவோம். தேயிலை மலையில் பெயர் கொடுத்து, சம்பளத்துக்கு வெட்டும் கான் கொம்பனியுடையது என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். அதே தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை தன் லயனுக்குப் பின்னால், மழைநீர் சுவரடியில் தேங்காதிருக்க, அதே மண்வெட்டியால் ஒரு கான் வெட்டுகிறார். அன்றைக்குப் பிரட்டு இல்லை, பெயர் இல்லை, சம்பளமும் இல்லை. அன்று அவர் யாருடைய வேலைக்காரர்? எவருடையவருமல்ல. அப்படியாயின் லொக்கின் விதிப்படியே அந்த உழைப்பு எசமானுக்குப் போகாது. தகரம் அவர் காசு, ஆணி அவர் காசு, நாள் அவருடையது, கை அவருடையது. இதற்குப் பிறகும் விளைவு மட்டும் கொம்பனிக்குச் சேருகிறதென்றால், அது உடைமைத் தத்துவமாகாது. சம்பளமில்லா உழைப்பை அபகரிப்பதற்கு வேறொரு பெயர். சுரண்டல் கொழுந்து நிறுக்கும் தராசடியில் மட்டும் நடப்பதாக எண்ணி நம் தொழிற்சங்க இலக்கியம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. காம்பராவின் கூரையில் அது நடப்பதைப் போதிய அளவு எழுதவில்லை.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலர் ஒரு தடையை எழுப்புவார்கள். அது அற்பமான தடையன்று. "குடியிருப்பைச் செப்பனிடுவது தோட்ட நிர்வாகத்தின் கடமை. தொழிலாளி தானே தகரம் வாங்கிப் போட்டால் அந்தக் கடமை மறைந்துபோகிறது. பத்துப் பேர் போட்டுக்கொண்டால் பதினோராவது ஆள் போய்க் கேட்கும்போது, மற்றவர்கள் எல்லாம் போட்டுக்கொண்டார்களே, உனக்கென்ன என்பார்கள். ஆகையால் கூரை ஒழுகட்டும், ஒழுகுவதே சாட்சி. எல்லாரும் சேர்ந்து கேட்போம், அதுவரை ஒருவரும் ஆணியைத் தொடாதிருப்போம்" என்பது அவர்கள் வாதம்.

இதில் உண்மை இருக்கிறது. "ஐயா, ரெண்டு தகரம் வேணுங்க, புள்ளைங்க படுக்க முடியல" என்று ஒபிசில் போய் நின்றவர், "எழுதி வச்சிருக்கேன், அடுத்த மாசம் வா" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் கடனுக்குத் தகரம் வாங்குவதை மலையகத்தில் அறியாதவர் இல்லை. அப்படி வாங்கிய அன்றே அந்த விண்ணப்பத்துக்கும் உயிர் போய்விடுகிறது. "சுயஉதவி" என்ற சொல்லும் இங்கே நம் சந்தேகத்துக்குரியது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் தனியார் கொம்பனிகளிடம் கொடுக்கப்பட்ட பின்னர் வந்த வீடமைப்புத் திட்டங்களில், தொழிலாளி தன் உழைப்பைக் கொடுத்துக் கட்டுவதும், கட்டுவதற்கு வாங்கிய கடனைச் சம்பளத்திலிருந்து கழிப்பதும் ஒரு முறையாக இருந்தது. தன் காலில் நிற்பது நல்ல குணம்தான். ஆனால் அந்தக் குணத்தைப் புகழ்கிறவர் யார் என்று பார்க்க வேண்டும். கடமையைத் தட்டிக் கழித்தவர் வாயிலிருந்து வரும்போது அந்தப் புகழ்ச்சி ஒரு ரசீதைப் போன்றது. கடன் தீர்ந்துவிட்டதாக அவரே எழுதிக் கொடுத்துக்கொள்ளும் ரசீது.

ஆயினும் அந்தத் தோழர்களின் முடிவை நாம் ஏற்கவில்லை. சாட்சிக்காக ஒழுகும் கூரையின் கீழ் நனைவது யார்? தீர்மானத்தை முன்மொழிந்தவர் இல்லை. மார்ச்சளியோடு படுத்திருக்கும் குழந்தையும், கால் மரத்துப்போன கிழவியும். ஒரு குழந்தையின் நெஞ்சுச்சளியை ஆதாரப் பத்திரமாகத் தாக்கல் செய்யும் உரிமையை எந்தச் சங்கத்துக்கு யார் கொடுத்தார்கள்? கடமையைத் தவறியவன் வேறு, பழுதைப் பார்த்தவன் வேறு. பின்னவன் செய்தது முன்னவனுடைய தவறை அழிக்காது. வழியில் அடிபட்டுக் கிடப்பவனை நாம் தூக்கி ஆசுபத்திரியில் சேர்த்தால் அடித்தவன் நிரபராதியாகிவிடுவதில்லை. அப்படி ஆகிவிடுவதாகக் காட்டுவது அடித்தவனுடைய வக்கீலின் தந்திரம். அதை நாமே நம்பிவிட்டோமென்றால் நம் சிந்தனையில்தான் கோளாறு.

பழுதுபார்ப்புக்குள் இன்னொன்றும் இருக்கிறது. அதை இந்த மண்ணின் வரலாறுதான் நமக்குக் காட்டியது. கூரைக்குத் தகரம் போடுகிறவன் நாளையும் தான் இங்கே இருப்பதாக நினைத்துத்தான் போடுகிறான். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதரைத் தகரம்போல் எண்ணிப் பங்கிட்ட அக்காலத்தில், ஒரு லயனில் அண்ணனுக்கு ஒரு நாடும் தம்பிக்கு வேறொரு நாடும் விழுந்தன. எந்த ஆண்டில் கப்பல், எந்த மாதத்தில் கடிதம் என்றறியாத குடும்பங்கள் அந்த மழைக்காலங்களிலும் கூரையில் ஏறித் தார் பூசினார்கள். அரசுகள் இரண்டும் "நீ இங்கே தங்கப் போவதில்லை" என்று சொன்ன இடத்தில் ஒரு மனிதன் வாசற்படிக்குக் கல் பதிப்பதை எப்படி விளங்கிக்கொள்வது? வழக்கம் என்று சொல்லி ஒதுக்கலாம். நாம் அதை ஒரு தீர்ப்பாகவே கருதுகிறோம். வாக்குச்சீட்டு பறிக்கப்பட்டவன் சுத்தியலால் அளித்த வாக்கு அது. எல்லாருக்கும் பிரஜாவுரிமையை வழங்கி முடிக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. வாசற்படிகள் அதற்கு முன்பே பதிக்கப்பட்டுவிட்டன.

கடல் கடந்து போனவர்களுக்கும் நல்ல கதி வாய்த்துவிடவில்லை. தாயகம் திரும்பியோருக்கென நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1976இல் ஒரு கழகமாயின. அங்கும் லயன்; அங்கும் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு "வீடற்றவன்" என்று பெயரிட்டார். கூரையே இல்லாதவனைப் பற்றிய பெயரன்று அது. கூரைக்குக் கீழே இருந்துகொண்டே வீடில்லாதவனாயிருப்பதுதான் மலையகத்தின் விசேடம்.

வீட்டுரிமையைக் கோருவதே முற்போக்குக்கு முரண் என்று கருதுவோரும் உண்டு. 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எங்கெல்ஸ் எழுதிய கட்டுரைகளை அவர்கள் கையில் வைத்திருப்பார்கள். தொழிலாளிக்குச் சிறு வீடொன்றைச் சொந்தமாக்கிவிட்டால் அவன் அந்த மண்ணோடு கட்டுண்டு, குறைந்த கூலிக்கும் தலை வணங்குவான் என்று புரூதோனியருக்கு எதிராக எங்கெல்ஸ் வாதிட்டது மெய். ஆனால் அதே கட்டுரைகளில் வேலை கொடுப்பவனே வீட்டுக்காரனாகவும் இருக்கும் முறையைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அங்கே வேலைநிறுத்தம் செய்தவனுக்கு அன்றே தலைக்குமேல் கூரையும் போய்விடும் என்பதை அவர் மறக்கவில்லை. மலையகம் இந்த இரண்டாவது வகை. நம் தொழிலாளியை மண்ணோடு கட்டி வைத்திருப்பது உறுதிப் பத்திரம் இல்லாமையே. வேலையை விட்டால் வீடு போகும் என்ற பயத்தினால், ஒரு குடும்பத்தில் ஒருவரேனும் மலையில் பெயர் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. பள்ளியில் நன்றாகப் படித்த மகள் காம்பராவைக் காப்பாற்றுவதற்காகக் கூடையை எடுத்த கதை எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்! எங்கெல்ஸைப் பாதி படிப்பதைவிடப் படிக்காமலே இருப்பது மேல்.

பழுதுபார்ப்பை இவ்வளவு உயர்த்திப் பேசியபின் அதன் எல்லையையும் சொல்லாவிடில் நாம் பொய்யர்களாவோம். ஒரே முகட்டின் கீழிருக்கும் பன்னிரண்டு காம்பராக்களில் ஒருவர் மட்டும் புதிய அமானோ தகரம் போட்டால், பழைய தகரமும் புதியதும் சேரும் இடத்தில் நெளிவு பொருந்தாமல், தண்ணீர் அடுத்த வீட்டுக்குள் இறங்குகிறது. ஒரு வீட்டின் செழிப்பு மறுவீட்டின் ஒழுக்காகிறது. சண்டை மூள்கிறது, கங்காணிக் காலத்தில் சாதி பார்த்து லயன் பிரித்த பழைய நஞ்சும் அச்சண்டையில் சில வேளை தலைகாட்டும். லயன் கூரையை ஒருவராகப் பழுதுபார்க்க முடியாது. முகடு ஒன்றாகையால் வேலையும் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய எல்லை ஒன்றுண்டு. குசினிக்கு இடம் தேடிப் பின்புறத்து மண்மேட்டை வெட்டுகிறார்கள். செங்குத்தான சரிவின் கால் அறுபடுகிறது. பெருமழையில் மலை நீரைக் குடித்துக் கனக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கருகே மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அங்கே மலையே சரிந்தது. தொழிலாளியின் மண்வெட்டியை அதற்குக் குற்றஞ்சாட்ட எவருக்கும் வாயில்லை. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கப்பட்டவர்கள் எங்கே போவது என்பதற்கு மட்டும் ஏற்பாடில்லை. காலடியிலுள்ள மலை அசையும்போது எந்த ஆணியும் எந்தத் தாரும் உதவாது. புது நிலம் வேண்டும். நிலத்தைக் கொடுக்கக்கூடியவன் தொழிலாளியல்லன்.

நிலம் சிறிது கொடுக்கப்பட்டுமிருக்கிறது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம், இந்திய உதவியில் முதலில் 4000 வீடுகள், 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் அறிவித்த மேலும் 10,000 வீடுகள் என்று சில காரியங்கள் நடந்துள்ளன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளைச் சபைகளின் கைக்கு எட்டாதபடி வைத்திருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. இவற்றை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் இன்றும் பெருந்தொகையானோர் லயனில்தான் இருக்கிறார்கள். புது வீட்டுக்குப் போனவர்களிலும் காணி உறுதியைக் கையில் காணாமல் வருடங்களைக் கழித்தவர்கள் பலர். "தானமாகக் கொடுத்தோம்" என்ற பாவனை வேறு இத்திட்டங்களின் திறப்பு விழா மேடைகளில் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது. இக்கட்டுரை எழுதப்படுவதே அந்தப் பாவனையை மறுப்பதற்குத்தான். தோட்டத்தைக் கொம்பனியிடமிருந்து 1975இல் அரசு எடுத்தபோது ஈட்டுத்தொகை பேசப்பட்டது. 1992இல் மறுபடி கொம்பனிகளிடம் கொடுத்தபோது குத்தகை பேசப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கூரையையும் சுவரையும் தரையையும் புதுப்பித்து அந்தச் சொத்தை நிற்க வைத்தவர்களின் பெயரில் எந்தப் பேச்சிலும் ஒரு சதம் எழுதப்படவில்லை.

மலையகப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்களும் உயர்வகுப்பு மாணவர்களும் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு; அதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. லயன் லயனாகப் போய்க் காம்பராவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு கொப்பியில் எழுத வேண்டும். எந்த ஆண்டில் எத்தனை தகரம், யார் காசு, எத்தனை மூடை சிமெந்து, எத்தனை ஞாயிற்றுக்கிழமை, மண் சுமந்தவர் பெயர், நிர்வாகத்திடம் விண்ணப்பித்த திகதி, கிடைத்த பதில். பாட்டிமாருக்கு ஆண்டு நினைவிருக்காது. யார் பிறந்த வருடம், எந்தத் திருவிழாவுக்கு முன்னர் என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். கடைத்துண்டு மிஞ்சியிருந்தால் ஒட்டி வைக்கலாம். காணிப் பேச்சுக்கு அதிகாரிகள் வந்து உட்காரும்போது கொம்பனியின் வக்கீல் தன் கோப்பைத் திறப்பார். தொழிலாளியின் பக்கத்திலும் திறப்பதற்கு ஒரு கோப்பு இருக்க வேண்டும். முதற் பக்கத்தில் தொங்கல் காம்பராவைப் போடலாம். அங்கே ஜன்னல் ஒன்று வைத்திருக்கிறார்கள்.